வெள்ளந்திக்குளத்தின் பொருளடக்கம்

வெள்ளந்திக்குளத்துக்கு வழி கேட்டால் டவுனில் யாரும் சொல்லிவிடுவார்கள். தெற்கே போகிற தார் ரோட்டைப் பிடித்தால் போதும், அது வேறு எங்கேயும் போகாமல் நேரே அந்த ஊரில் போய்த்தான் நிற்கும். நல்ல ரோடு, போன வருஷம்தான் போட்டது. பஸ் மட்டும் கிடையாது. ஏன் கிடையாது என்றால், யாரும் போய்க் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், போய்க் கேட்கலாம் என்று பார்த்தால் பஸ் இல்லை.

அந்த ஊர்க்காரர்களை டவுனில் முட்டாள்கள் என்பார்கள். அது கொஞ்சம் அதிகம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். சமுதாயக் கூடம் கட்டி முடித்த அன்றைக்கு, சாவியைப் பத்திரமாக உள்ளே வையுங்கள் என்று அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். சாவியைப் பத்திரமாகக் கூடத்துக்குள்ளே வைத்து, கதவைச் சாத்தி, பூட்டை அமுக்கிப் பூட்டினார்கள். அன்றிலிருந்து ஊர்க்கூட்டமெல்லாம் கூடத்தின் வாசற்படியில்தான் நடக்கிறது. மழை பெய்தால் எல்லாரும் நனைந்துகொண்டே சாவி நனையவில்லை என்று சந்தோஷப்படுவார்கள்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. மையால் எழுதியதை அடிக்க மாட்டார்கள், மாற்றியும் எழுத மாட்டார்கள். முன்பு ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரை யாரோ அடித்துத் திருத்தினார்களாம். மறுநாள் மாப்பிள்ளையே மாறிப்போனாராம். அதற்குப் பிறகு அந்த ஊரில் பேனா பிடிக்கிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்கள்.

இந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் ஆவுடையப்பன். நல்ல பையன். அவனுக்கு டவுனில் பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் தெய்வானையை நிச்சயம் பண்ணுகிற மாதிரி வந்து, கடைசி நேரத்தில் பெண்ணின் அப்பா அணைஞ்சபெருமாள் குறுக்கே நின்றுவிட்டார்.

"பஸ் வராத ஊருக்குப் பொண்ணக் குடுத்துட்டு, நல்லது பொல்லதுக்கு நான் நடந்தா வர முடியும்? எனக்கு முட்டு வலி" என்றார். "தைக்குள்ள பஸ்ஸக் கொண்டாங்க. இல்லன்னா சங்கரன்கோவில் மாப்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன். அந்த ஊருக்கு எல்லாப் பக்கமும் பஸ்ஸு."

ஆவுடையப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தெய்வானைக்கு அவன் பேரில் பிரியம் இருந்தது. அவள் கெட்டிக்காரி, இவன் இப்படி, இருந்தும் பிரியம் இருந்தது. அவள் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறிப் போகிற மாதிரி நினைத்துப் பார்த்தான். அழுகை வந்துவிட்டது. பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் கண்ணீர் விழுந்ததைப் பார்த்து, ட்யூபில் ஓட்டை என்று நினைத்து இரண்டு தடவை ஒட்டினான்.

ஊர்த்தலைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சி அவனைக் கைவிடவில்லை. அவனையும், முறுக்கு சுட்டு விற்கும் பெண்கள் குழுவின் தலைவி சொர்ணத்தையும், தையல்காரர் கூத்தையாவையும் கூட்டிக்கொண்டு, ஆவுடையப்பனின் வாடகை சைக்கிள்களிலேயே பஸ் டெப்போவுக்குப் போய் இறங்கினார். மேலாளர் மங்கையர்க்கரசி மேடம் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார்.

"இந்த வாரக் கடைசியில புது ரூட் லிஸ்ட் போகுது. உங்க ஊர்ல என்னென்ன இருக்குன்னு தெரியணுமே" என்றார்.

"எல்லாம் இணையத்துல இருக்கு மேடம்" என்றார் பிரம்மநாயகம் பெருமையாக. "எங்க மருமவன் பெங்களூர்ல இருந்துக்கிட்டே எங்க ஊரை அதுல ஏத்தி விட்டிருக்கான்."

"அதுல உக்காந்து தேட எனக்கு நேரம் இல்லைங்க. பக்கத்தையெல்லாம் பிரிண்ட் எடுத்து, முன்னால ஒரு பொருளடக்கம் வச்சு, புத்தகமா நாளைக்குக் கொண்டாங்க. எது எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாத்த உடனே தெரியணும். முக்கியமா ரோடு எப்படி இருக்குன்னு பாக்கணும்."

நால்வரும் தலையாட்டிவிட்டு நேரே தெய்வானையின் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். ஆவுடையப்பன் தலையைச் சீவிக்கொண்டு கடைசியில் நுழைந்தான். தெய்வானை அவனைப் பார்த்துச் சிரித்ததில் அவனுக்கு வந்த காரியம் மறந்துபோய், ஒரு ட்யூப் வேணும் என்றான்.

தெய்வானை விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஊருக்கு வரும் வழி, வரைபடம், கோயில், குளம் என்று ஒவ்வொன்றாக மிஷினிலிருந்து வந்து விழுந்தது. கோயில் பக்கத்தின் அடியில், 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. கூத்தையா அதைப் பார்த்தார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை.

"பலம் பத்தல. நீரு தள்ளி நில்லும்" என்று பிரம்மநாயகம் முழங்கையை வைத்து அழுத்தினார். சொர்ணம் கடைசியில் தாளைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"எதாவது வருதா?"

"கால்தடம்தான் வருதுக்கா" என்றான் ஆவுடையப்பன்.

"இது இங்கன ஆவுற காரியம் இல்ல" என்றார் கூத்தையா. "வீட்டுல இஸ்திரிப் பெட்டி இருக்கு. அதை வச்சு ஒரு அழுத்து அழுத்துனா, உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வந்துரும்."

தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். பிறகு, "பொருளடக்கத்தப் பத்தி நீங்க கவலைப்படாண்டாம். தலைப்பை எல்லாம் மிஷினே பொறுக்கி எடுத்துக்கிடும். பக்க நம்பரையும் அதுவே போட்டுக்கிடும். தானா வந்துரும்" என்று சொல்லி பொத்தானைத் தட்டப் போனாள். கரண்ட் போய்விட்டது.

"சரி, எடுத்த வரைக்கும் கொண்டு போங்க. கரண்ட் வந்ததும் பொருளடக்கம் தானா வந்துரும்" என்றாள். காலையில் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவளும் மனுஷிதானே, சில சமயம் யாரிடம் பேசுகிறோம் என்பது மறந்துவிடும்.

சாயங்காலம் வெள்ளந்திக்குளத்தின் எல்லையில் ஊரே கூடிவிட்டது. சொர்ணம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். பிரம்மநாயகம் மாலை வைத்திருந்தார். தானாக வருகிற பொருளடக்கம் நடந்து வருமா, பறந்து வருமா என்பதில் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. பறந்து வந்தால் தவறவிடக் கூடாது என்று கூத்தையா ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு கொக்கும் ஒரு பாலிதீன் பையும் வந்தன. பையை எடுத்துப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் ஆரத்தி எடுத்தார்கள்.

சூடம் அணைகிற நேரத்தில் பிரம்மநாயகத்துக்கு விஷயம் பிடிபட்டது.

"நம்மள மாதிரி மடையன் உண்டுமா? பொருளடக்கம் எப்பிடிவே வரும்? நம்ம ஊருக்குத்தான் பஸ் இல்லையே!"

எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பஸ் வருவதற்குப் பொருளடக்கம் வேண்டும், பொருளடக்கம் வருவதற்கு பஸ் வேண்டும். ஆவுடையப்பன் கலங்கிப்போய் தெய்வானைக்குப் போன் போட்டான்.

"இன்னும் கரண்ட் வரல" என்றாள் அவள். "காலைலயே குடுக்கணும்னா நீங்களே கையால எழுதிருங்க. ஒண்ணும் கஷ்டமில்ல. தாளை வரிசையா அடுக்கி நம்பர் போடுங்க. எது எந்த நம்பர்ல இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி முன்னால வைங்க. முன்னால எழுதியிருக்கிறதப் பாத்துத்தான் உள்ள எங்க போகணும்னு தெரியும். அதான் பொருளடக்கம்."

"முன்னால எழுதியிருக்கிறதப் பாத்துத்தான் எங்க போகணும்னு தெரியும்" என்று ஆவுடையப்பன் ஊராருக்கு உரக்கச் சொன்னான். ஊரார் திருப்பிச் சொன்னார்கள். மந்திரம் மாதிரி அது எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

கூடத்து வாசற்படியில் வேலை தொடங்கியது. தாளை அடுக்கினார்கள். பிரம்மநாயகம் ஒவ்வொரு தாளின் அடியிலும் மையால் நம்பர் போட்டார். ரோடு ஒன்று, வரைபடம் இரண்டு, கோயில் மூன்று, குளம் நான்கு, பள்ளிக்கூடம் ஐந்து, சொர்ணத்தின் முறுக்கு ஆறு, கூத்தையாவின் தையல் ஏழு, ஆவுடையப்பன் சைக்கிள் கடை எட்டு. கோயில் தாள் இஸ்திரிப் பெட்டி பட்டுப் பாதி கருகியிருந்தது. மேலும் படிக்க ஒன்றும் வரவில்லை, ஏற்கெனவே இருந்ததையும் படிக்க முடியவில்லை.

பொருளடக்கம் எழுத சொர்ணத்தைத்தான் உட்கார்த்தினார்கள். ஊரில் பெரிய கோலம் போடுகிற கை அவளுடையது. எழுத்தையும் அதே அளவில் போட்டாள். 'ரோடு – 1' என்பதே தாளில் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டது. எட்டையும் எழுதி முடிக்க இரண்டு தாள் ஆனது. எல்லாரும் அழகு என்றார்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அதை முன்னால் வைத்தார்கள். புத்தகத்தில் நம்பர் இல்லாத தாள் இருக்கக் கூடாது என்று பிரம்மநாயகம் அந்த இரண்டுக்கும் ஒன்று, இரண்டு என்று போட்டார். முதல் தாளுக்கு ஒன்று என்று போடாமல் வேறு என்ன போடுவது? அதற்குப் பிறகுதான் கூத்தையா எண்ணிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கோயில் மூணுன்னுல்லா எழுதியிருக்கு? எண்ணிப் பாத்தா அஞ்சாவதா கெடக்கு."

"என்னவே சொல்லுதீரு?"

"குளம் ஆறாவதாப் போயிட்டு. ஒண்ணுல ரெண்டு ஒண்ணு இருக்கு, ரெண்டுல ரெண்டு ரெண்டு இருக்கு."

பொருளடக்கம் வைக்காதபோது பொருளடக்கம் சரியாக இருந்தது. வைத்தவுடன் தப்பாகிவிட்டது. ஆவுடையப்பன் பொருளடக்கத் தாளை எடுத்துப் பார்த்தான். மெதுவாக, "பொருளடக்கத்த அடிச்சித் திருத்திட்டா என்ன?" என்று கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. சொர்ணம் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள்.

"ஏலே, உனக்குல்லா கல்யாணம் ஆகணும்! அடிச்சுத் திருத்துன பொறவு மாப்ள மாறிட்டா?"

சங்கரன்கோவில்காரன் ஞாபகம் வந்து ஆவுடையப்பன் பின்வாங்கினான். திருத்தவே வேண்டாம் என்று அவனே சத்தியம் செய்தான்.

"எழுத்தைத் தொடக் கூடாது. தாளைத் தொடலாம்" என்றார் பிரம்மநாயகம். "முன்னால ரெண்டு தாளு கூடிருக்கு. அப்பம் ரெண்டு தாளை எடுத்துட்டா சரியாப் போச்சு."

எந்த இரண்டை எடுப்பது? ஆவுடையப்பன் எழுந்து, என் கடையை எடுத்துருங்க என்றான். காதலுக்காகச் செய்த தியாகம் அது. கூத்தையாவும் அழுதுகொண்டே தன் தையல் பக்கத்தைக் கொடுத்தார். எடுத்துவிட்டு எண்ணினார்கள். கோயில் அப்போதும் ஐந்தாவதாகவே இருந்தது. சரி, முன்னால் இருப்பதில்தான் எடுக்க வேண்டும் என்று அவர்கள் கடைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"கோயிலை எடுக்கலாமா?"

"சாமி குத்தம்."

"குளத்தை?"

"குளத்தை எடுத்துட்டு எங்க குளிப்பீரு?"

"பள்ளிக்கூடத்தை?"

இதற்கு மட்டும் கொஞ்ச நேரம் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பிறகு, வாத்தியார் கோபித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். ரோட்டுக்காகவும் வரைபடத்துக்காகவும் பேச அங்கே யாரும் இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். ரோட்டையும் வரைபடத்தையும் எடுப்பது என்று முடிவானது.

ஆவுடையப்பன் மட்டும் கை தூக்கவில்லை. "மேடம் ரோட்டைத்தான் முக்கியமாப் பாக்கணும்னாங்க அண்ணாச்சி."

"பாக்கட்டுமே! பொருளடக்கத்துல ரோடு இல்லையா? முத ஆளா, ஒண்ணாம் பக்கம்னு இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு. இதைவிட ஒரு மனுசிக்கு என்னதான்யா வேணும்?"

ரோட்டையும் வரைபடத்தையும் உருவியெடுத்தபின் எண்ணினார்கள். கோயில் மூன்று. குளம் நான்கு. எல்லாம் அச்சடித்தாற்போல் இருந்தது. கைதட்டினார்கள். ஆவுடையப்பனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, எங்கேயோ ஒரு முள் மட்டும் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் டெப்போவில் மேடம் புத்தகத்தைத் திறந்தார். கோயிலைத் தேடினார், சரியாக வந்தது. கருகியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. முறுக்கைத் தேடினார், வந்தது. முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே, நல்லா பண்ணியிருக்கீங்க. சரி, ரோடு..." பொருளடக்கத்தைப் பார்த்தார். ரோடு ஒன்றாம் பக்கம் என்று இருந்தது. ஒன்றாம் பக்கத்துக்குப் போனார். அங்கே பொருளடக்கம் இருந்தது. அதில் ரோடு ஒன்றாம் பக்கம் என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஒன்றாம் பக்கத்துக்குப் போனார். பக்கத்து மேஜை கிளார்க் எட்டிப் பார்த்து, குடுங்க மேடம் நான் பாக்கேன் என்று வாங்கினார். அவரும் ஒன்றாம் பக்கத்திலிருந்து புறப்பட்டு ஒன்றாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். திரும்பவும் புறப்பட்டார். மேடம் அவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

"உங்க ஊருக்கு ரோடு இருக்கா, இல்லையா?"

"இருந்துச்சு மேடம்" என்றார் பிரம்மநாயகம். "பொருளடக்கத்துக்கு எடைஞ்சலா இருந்துச்சுன்னு எடுத்துட்டோம்."

"ரோட்டை எடுத்துட்டீங்களா?"

"ஓட்டுப் போட்டுத்தான் எடுத்தோம் மேடம். இந்தப் பயலைத் தவிர எல்லாருக்கும் சம்மதம்."

மேடம் ஆவுடையப்பனைப் பார்த்தார். அவன் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"நாளைக்குக் காலைல நானே வாரேன். இந்தப் புத்தகம் என் கையில இருக்கும். இதுல இருக்கிற மாதிரியே ஊர் இருக்கணும். ஒண்ணு மாறியிருந்தாலும் பஸ்ஸை மறந்துருங்க" என்றார்.

வாசற்படியில் மறுபடியும் கூட்டம். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஊர் இருக்க வேண்டும். கோயில் வாசலில் மூன்று என்று சுண்ணாம்பால் எழுதினார்கள். குளக்கரையில் நான்கு என்று ஒரு பலகை நட்டார்கள். ஒன்றாம் இடத்திலும் இரண்டாம் இடத்திலும் பொருளடக்கம் இருக்க வேண்டும், ஆனால் அது மேடத்தின் கையில் இருக்கிறது. எழுதியவளுக்குத்தானே மனப்பாடம் என்று சொர்ணத்தையே ஊர் முகப்பில் பொருளடக்கமாக நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். மிச்சம் ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. புத்தகத்தில் ரோடு இல்லை. ஊரில் இருந்தது.

"தோண்டிருவோம்" என்றார் கூத்தையா.

ஆவுடையப்பன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "ரோடு இல்லன்னா பஸ்ஸு எப்பிடிண்ணே வரும்?"

"பஸ்ஸு வாறது பஸ்ஸுக்காரன் பாடு" என்றார் பிரம்மநாயகம். "புத்தகமும் ஊரும் ஒத்துப் போகுதான்னு பாக்கிறதுதான் நம்ம பாடு. உன் கல்யாணத்துக்குத்தானல இம்புட்டும்?"

"தோண்டாண்டாம் அண்ணாச்சி, மூடுவோம். கல்யாணம் முடியட்டும், பொறவு தோண்டுங்க, நானே மம்பட்டி எடுத்துத் தாரேன்."

சின்னஞ்சிறுசின் ஆசை என்று விட்டுக்கொடுத்தார்கள். ஊரில் இருந்த வைக்கோல் படப்பையெல்லாம் பிரித்து ரோட்டின் மேல் பரப்பினார்கள். அதற்குமேல் பனையோலையைப் போட்டார்கள். சாயங்காலம் ஆவதற்குள் வெள்ளந்திக்குளத்தில் ரோடு என்பதற்கு அடையாளமே இல்லை. மாடுகள் மட்டும் வரிசையாக நின்று, யார் உத்தரவுக்கும் காத்திராமல் ரோட்டைத் தின்றுகொண்டிருந்தன.

காலையில் மேடத்தின் ஜீப் வந்தது. வைக்கோல் தொடங்கிய இடத்தில் நின்றது. எதிரே சொர்ணம் பட்டுப்புடவை கட்டி விறைப்பாக நின்றிருந்தாள்.

"ஏங்க, ஊருக்கு எப்படிப் போகணும்?" என்று டிரைவர் கேட்டார்.

"ரோடு ஒண்ணு, வரைபடம் ரெண்டு, கோயில் மூணு, குளம் நாலு" என்றாள் சொர்ணம்.

"அம்மா, வழி கேட்டேன்."

"ரோடு ஒண்ணு, வரைபடம் ரெண்டு" என்று அவள் முதலிலிருந்து தொடங்கினாள். பொருளடக்கம் பொருளடக்கமாகத்தான் பேசும்.

டிரைவர் கடுப்பாகி வைக்கோலுக்குள்ளேயே ஜீப்பை விட்டார். புதையும் என்று பார்த்தால் அது வழுக்கிக்கொண்டு போனது, குலுக்கலே இல்லை. மேடத்தின் கையில் இருந்த காபி தளும்பவில்லை. பாதித் தூரத்தில் மேடம் ஜீப்பை நிறுத்தி இறங்கி, காலால் வைக்கோலை விலக்கிப் பார்த்தார். அடியில் தார் பளபளவென்று இருந்தது. ஆவுடையப்பன் ஓடிவந்து மூச்சுவாங்க நின்றான்.

"குழியை மறைக்க வைக்கோல் போட்ட ஊரைப் பாத்திருக்கேன். நல்ல ரோட்டை மறைக்க வைக்கோல் போட்ட ஊரை இப்பத்தான் பாக்கேன்" என்றார். "ஏம்ப்பா மறைச்சீங்க?"

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னான். முட்டு வலி, சங்கரன்கோவில், தானாக வரும், ஒன்றில் இரண்டு ஒன்று, எல்லாம். "எனக்குத் தெய்வானையை ரொம்பப் பிடிக்கும் மேடம்" என்று முடித்தான். மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பஸ் வரும். ஒரே ஒரு நிபந்தனை. இனிமே எனக்கு நீங்க எதையும் எழுதிக் கொண்டு வரக் கூடாது."

அணைஞ்சபெருமாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை மாதம் முகூர்த்தம் குறித்தார்கள். கல்யாணம் டவுன் மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் வர வசதியாக இருக்கட்டும் என்று மேடம் அன்றைக்கே முதல் பஸ்ஸை விட்டார்.

காலையில் வெள்ளந்திக்குளமே பட்டும் பகட்டுமாக ஊர் முகப்பில் நின்றது. குஞ்சு குளுவான் உட்பட ஒருத்தர் பாக்கியில்லை. கோயில் பூசாரி கோயிலைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பஸ் வந்தது. குலவை போட்டார்கள். வந்த பஸ் திரும்பி நின்று ஹாரன் அடித்தது. ஒருவரும் ஏறவில்லை.

"ஏறுங்கய்யா, நேரமாச்சு" என்றார் கண்டக்டர்.

பிரம்மநாயகம் பஸ்ஸின் முன்பக்கம் போய் நெற்றியில் மாட்டியிருந்த போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். வெள்ளந்திக்குளம். கண்டக்டர் அதைத் திருப்பிப் போட மறந்திருந்தார்.

"இது நமக்கு ஆவாது" என்றார் பிரம்மநாயகம். "இது வெள்ளந்திக்குளம் போற வண்டி. நாம அங்கனதான இருக்கோம்?"

"டவுனுக்குத்தான்யா போகுது!"

"முன்னால எழுதியிருக்கிறதப் பாத்துத்தான் எங்க போகணும்னு தெரியும்" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. கண்டக்டர் தலையைச் சொறிந்தார். பஸ் காலியாகப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆவுடையப்பனின் போன் அடித்தது. "எங்க இருக்கீங்க?" என்றாள் தெய்வானை.

"பஸ்ஸுக்குத்தான் நிக்கோம்."

"பஸ்ஸு காலியா இங்க வந்து நிக்கி."

"அது வெள்ளந்திக்குளம் போற பஸ்ஸு தெய்வான."

தெய்வானை மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "முகூர்த்தம் முடியப் போகுது. அந்தச் சங்கரன்கோவில்காரரு பந்திக்குன்னு வந்து முன் வரிசைல உக்காந்திருக்காரு. எங்கப்பா அவரையே பாத்துக்கிட்டு இருக்காரு. நீங்க அங்கனயே நில்லுங்க. பஸ்ஸு திரும்ப வரும். முன்னால டவுனுன்னு எழுதியிருக்கும். ஏறிருங்க."

கல்யாணப் பெண் மாலையும் கழுத்துமாக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து போர்டைத் திருப்பிப் போட்டாள் என்று டவுனில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பின்னாலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த அணைஞ்சபெருமாள், இனி யாரும் தப்பு பண்ணக் கூடாதென்று அந்தப் போர்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். கண்டக்டரிடம் விரலை ஆட்டி, "இனிமே இதை எவனாவது திருப்புனான், நடக்கிறதே வேற. உம்ம ஆயுசுக்கும் இது இப்பிடியேதான் இருக்கணும்" என்றார். கண்டக்டர் பயந்த சுபாவம். சத்தியம் செய்து கொடுத்தார். விசாரித்ததில் அவருடைய அம்மாவுக்கு வெள்ளந்திக்குளம்தான் பிறந்த ஊராம்.

பஸ் டவுன் போர்டோடு வந்தது. ஊரே ஏறியது. முகூர்த்தம் முடிவதற்கு முன்னால் ஆவுடையப்பன் தாலி கட்டிவிட்டான். தெய்வானை காதோரமாக எதையோ சொல்ல, எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அந்த மண்டபத்தில் அன்றைக்கு அவனைவிடச் சந்தோஷமான ஆள் கிடையாது. சங்கரன்கோவில்காரர் மூன்று தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மரியாதையாக மொய் எழுதிப் போனார்.

சாயங்காலம் எல்லாரும் ஊர் திரும்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பஸ் நின்றது. பிரம்மநாயகம் முன்னால் போய்ப் படித்தார்.

"டவுனுன்னு போட்டிருக்கு."

"நாம டவுன்லதான இருக்கோம்?" என்றார் கூத்தையா.

"ஆமா. இது நமக்கு ஆவாது."

அணைஞ்சபெருமாள் கெஞ்சினார். கண்டக்டரிடம் போர்டைத் திருப்பச் சொன்னார். ஆயுசுக்கும் திருப்ப மாட்டேன் என்று உங்களுக்குத்தானே சத்தியம் பண்ணினேன் என்று கண்டக்டர் அழுதார். மண்டபத்தை அடுத்த கல்யாணத்துக்காரர்கள் கழுவத் தொடங்கிவிட்டார்கள். புது மாப்பிள்ளை, சொந்தபந்தம், முறுக்குக் குழு, பூசாரி என்று மொத்த ஊரும் சரியான பஸ் வருகிற வரைக்கும் அணைஞ்சபெருமாள் வீட்டில் தங்குவது என்று முடிவானது. அதற்கும் கை தூக்கித்தான் முடிவு செய்தார்கள்.

அந்த பஸ் இன்னும் வரவில்லை. சொர்ணம் அவர் வீட்டு அடுப்படியில் முறுக்கு சுடுகிறாள், கூத்தையா அவர் படுக்கையறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார், பிரம்மநாயகம் வாசற்படியில் தினமும் கூட்டம் நடத்துகிறார். படுக்க இடமில்லாமல் அணைஞ்சபெருமாள் ஒருநாள் அந்த டவுன் போர்டு பஸ்ஸிலேயே ஏறி, தன்னந்தனியாக உட்கார்ந்து வெள்ளந்திக்குளத்துக்குப் போனார். ஊர் முழுக்கக் காலியாக இருந்தது. மருமகன் வீட்டில் பாயை விரித்தார்.

இப்போது வெள்ளந்திக்குளத்தில் குடியிருப்பது அவர் ஒருத்தர்தான். பஸ் வசதி நன்றாக இருக்கிறது என்கிறார்.